பிள்ளையா, குட்டியா?

“உங்களுக்கென்ன, பிள்ளையா குட்டியா?” என்னும் தொடர் தமிழகத்து அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் ஆலைகளிலும் நாள்தோறும் செவியில் விழுவது. வடிவத்தால் இது வினா; ஆயினும் விடையை எதிர்பார்த்து எழுந்ததன்று. ‘மாலை வரை இருந்து இந்த வேலையை நீங்களே முடித்துவிட்டுச் செல்லுங்கள்’ என்னும் கட்டளை அதனுள் ஒளிந்து நிற்கிறது. நன்னூலார் வகுத்த அறுவகை வினாக்களுள் ஏவல் வினாவிற்கு எடுத்துக்காட்டுத் தேடும் மாணவர்கள் இதனைத் தாராளமாக எழுதலாம். தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்கள் ஒன்பதனைத் தொகுத்துரைக்கிறார். பிள்ளை, குட்டி என்னும் இரண்டும் அவற்றுள் அடங்கும். உயிர்களின் இளமையைச் சுட்டப் பிறந்த அவ்விரு சொற்களையும் நாம் இணைமொழியாக்கி, மகவில்லாதவரைச் சுட்டிக் காட்டப் பயன்படுத்தி வருகிறோம்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிட விழைகிறேன். பணிபுரியும் தாய்க்குரிய விடுப்பு யாரோ இரங்கி அளித்த கொடை அன்று. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் அதனை உரிமையாக்கிற்று. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் 12 வாரங்களாக இருந்த விடுப்பை முதல் இரு மகப்பேறுகளுக்கு 26 வாரங்களாக உயர்த்தியது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் ஏற்ற பின்னரும் இக்கால அளவு குறையவில்லை. தமிழக அரசு தன் பெண் ஊழியர்க்கு இதனை 2011இல் ஆறு மாதம், 2016இல் ஒன்பது மாதம், 2021 சூலை முதல் ஓராண்டு எனப் படிப்படியாக நீட்டித்தது. இரு குழந்தை வரம்பைக் காட்டி விடுப்பு மறுக்கப்பட்ட தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், மகப்பேற்று விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமைகளுள் ஒன்று என 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவற்றுள் ஒரு நாளையேனும் குறைக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. இரு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே வகுப்பறைக்கும் வந்து செல்பவள் நான். அவ்விடுப்புக் காலத்தில் நின்றுபோகும் வேலை யார் தலையில் ஏறுகிறது என்பதே என் கேள்வி. நன்னூலார் மொழியிற் சொன்னால் இஃது அறிவினா. விடை எனக்கும் தெரியும், படிப்போர்க்கும் தெரியும்.

ஆலையில்

1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராசபாளையம் மில்லைத் தொடங்கிய காலந்தொட்டு இப்பகுதியின் வாழ்க்கை பஞ்சோடும் நூலோடும் பின்னிப் பிணைந்தது. அண்டையிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிகளின் ஓசை தெருவெங்கும் கேட்கும். நூற்பு இயந்திரத்திற்கு ஓர் இயல்பு உண்டு. அஃது ஆளுக்காகக் காத்திராது. இழை அறுந்தால் உடனே பிணைக்கக் கை வேண்டும். ஒருத்தி வாராத நாளில் அவள் பார்க்க வேண்டிய பக்கத்தையும் அடுத்து நிற்பவளே பார்க்கிறாள். ஒரு நாளெனில் உதவி. ஆறு மாதமெனில் அதற்கு வேறு பெயர் சூட்ட வேண்டும்.

பெண்கள் ஆலைகளில் இரவு வேலை செய்தல் கூடாதென்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்திருந்தது. அவ்விதி சமத்துவத்திற்கு முரணானது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. பெண்களுக்கு வேலைவாய்ப்பைப் பெருக்கிய நல்ல தீர்ப்பே அது. ஆனால் இரவு ஷிப்டு வந்தவுடன், ‘யார் இரவுக்கு வருவது?’ என்னும் வழக்கும் உடன் வந்தது. கைக்குழந்தைக்காரி வர இயலாது என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். மிஞ்சியவர் யார்? மணமாகாத பெண், மணமாகியும் மகவில்லாத பெண், பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் சென்றுவிட்ட பெண். முறைவைத்துச் சுழல வேண்டிய இரவு, சிலருக்கு மட்டும் நிலைத்த இரவாகிவிடுகிறது.

இவ்விடத்தில் ஒரு கணக்கை நோக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் அடங்கிய தொழிலாளர் ஊதியத்தில் நூற்றுக்கு 75 காசும், நிருவாகத்தின் பங்காக நூற்றுக்கு 3 ரூபாய் 25 காசும் 2019 சூலை முதல் செலுத்தப்படுகின்றன. மகப்பேற்றுக் காலத்தில் அப்பெண்ணுக்குரிய தொகையை ஈ.எஸ்.ஐ. கழகமே வழங்குகிறது, ஆலை வழங்குவதில்லை. அந்த 75 காசு பிள்ளை பெற்றவளிடமும் பிடிக்கப்படுகிறது, பெறாதவளிடமும் பிடிக்கப்படுகிறது. அஃதாவது, மகவில்லாத தொழிலாளி தன் சகோதரியின் மகப்பேற்றுக்குத் தன் பங்கை ஊதியத்திலிருந்து முன்னரே செலுத்திவிட்டாள். அது முறையானது, எல்லாரும் சேர்ந்து சுமப்பதே காப்பீடு. பின்னர் அவளையே அழைத்து இரண்டாம் முறையாக உடலுழைப்பாலும் செலுத்தச் சொல்வதுதான் முறையற்றது. விடுப்பில் சென்றவளுக்குரிய ஊதியம் ஆலையின் பெட்டியிலேயே தங்கிவிட, அதனைக் கொண்டு அமர்த்தக்கூடிய ஒரு பதிலாள் ஏன் அமர்த்தப்படவில்லை என்று இரு பெண்களும் சேர்ந்து கேட்பதில்லை. தாய் குற்றவுணர்வோடு திரும்புகிறாள். மற்றவள் மனக்கசப்போடு வரவேற்கிறாள்.

மகவின்மை தொழிலில் எப்போதும் இழப்பையே தருமென்றும் கூறிவிட இயலாது. கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரங்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்னும் பெயரால் மணமாகா இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கிய நூற்பாலைகள் பல. அவர்களை விரும்பி எடுத்த காரணம், அவர்களுக்குக் குடும்பமோ குழந்தையோ இல்லை. எந்த நேரத்திலும் அழைக்கலாம் என்பதே. மணமானதும் அவ்விடம் அவளுக்கில்லை. ஆக, ஒரே அளவுகோல் இருபுறமும் வெட்டுகிறது. பிள்ளை இல்லாதவரை அவள் முழுநேரமும் ஆலைக்குச் சொந்தம். பிள்ளை பிறந்தால் அவள் ஆலைக்கு வேண்டாதவள்.

ஆசிரியர் அறையில்

இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். காலைப் பேருந்துகளில் ஓரூரிலிருந்து மற்றோரூர்க்குப் பணிக்குச் செல்லும் ஆசிரியைகளைப் பெருந்தொகையாகக் காணலாம். பிள்ளைக்குத் தலைவாரி, உணவுக் கலத்தை நிரப்பி, ஆட்டோவில் ஏற்றிவிட்டு ஓடிவந்து பேருந்தைப் பிடித்த தாயின் நெற்றி வியர்வையை நான் குறைத்து மதிப்பிடுவேனல்லேன். அதே பேருந்தில், பக்கவாதத்தில் கிடக்கும் தந்தைக்குத் துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டு வந்த மணமாகா ஆசிரியையும் நிற்கிறாள். முன்னவள் தாமதித்தால், ‘பாவம், பிள்ளைக்காரி’ என்கிறோம். பின்னவள் தாமதித்தால், ‘இவருக்கென்ன வந்தது?’ என்கிறோம். தந்தை ஒருநாளும் பிள்ளைக் கணக்கில் சேர்வதில்லை போலும்!

பள்ளிகளில் ‘சப்ஸ்டிட்யூஷன்’ எனப்படும் பதிலிப் பாடவேளை, பொதுத்தேர்வு அறைக் கண்காணிப்பு, தேர்தல் பணி, நாட்டு நலப்பணித் திட்ட முகாம், மாணவியர் சுற்றுலாவுக்கு உடன் செல்லல் ஆகியவை யார்க்கு அதிகம் விழுகின்றன என்பதை ஆசிரியர் அறையில் ஓராண்டு அமர்ந்து பார்த்தவர் அறிவர். தேர்தல் பணியிலிருந்து கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் விலக்குப் பெறுவது தக்கதே. ஆனால் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டுமென்பதற்காக ஒருவர் மாலைச் சிறப்பு வகுப்பிலிருந்து விலகிக்கொள்ள, அதனை மகவில்லாத ஒருவரிடம் ஒப்படைப்பதைப் பாலூட்டும் தாயின் தேவையோடு ஒப்பவைத்தல் எங்ஙனம் பொருந்தும்?

இதில் இன்னொன்றும் நோக்கத்தக்கது. ஒரு தாயின் பணி வேறொரு தோளுக்கு மாறும்போது அது பெரும்பாலும் இன்னொரு பெண்ணின் தோளாகவே இருக்கிறது. அதே அறையில் மூன்று பிள்ளைகளின் தந்தையும் அமர்ந்திருக்கிறார். அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததை எவரும் அறியார். அவர் மனைவி வேறெங்கோ விடுப்பு எழுதிக் கொடுத்திருப்பாள். அங்கேயும் பிள்ளையில்லாத ஒருத்தி அவளுக்காக வகுப்பெடுத்துக்கொண்டிருப்பாள். நடுவண் அரசு தன் ஆண் ஊழியர்க்கு அளிப்பது 15 நாள் தந்தைமை விடுப்பு; குழந்தை பராமரிப்புக்கெனப் பெண் ஊழியர்க்கு 2008 முதல் அளிப்பது பணிக்காலம் முழுமைக்கும் 730 நாள். பிள்ளை வளர்ப்பு யார் வேலை என்று அரசாணையே எண்ணிக்கையால் உரைத்துவிட்ட பிறகு, வீடுகளில் அப்பாக்களை மட்டும் குறை கூறி என் செய்வது? தந்தையர் தம் பங்கை ஏற்கும் வீடுகளில் தாயின் விடுப்பு குறையும். தாயின் விடுப்பு குறையும் அளவுக்கு அடுத்த மேசைக்காரியின் சுமையும் குறையும். மகவில்லாதவர்க்கு நீதி வழங்கும் வேலை ஒருவகையில் பிள்ளை பெற்ற ஆடவரின் வீட்டிலேயே தொடங்குகிறது.

மகப்பேறு வாய்க்காமையால் மருத்துவமனைக்கு நடையாய் நடப்போரைப் பற்றி எழுதவே தயக்கமாக இருக்கிறது. மதுரைக்கு மாதம் இருமுறை சென்று வரும் அத்தகையவள் தற்செயல் விடுப்பைத் துண்டு துண்டாக எடுக்கிறாள். காரணம் எழுத வேண்டிய இடத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதுகிறாள். அவளிடம் சென்று, “அக்கா, உங்களுக்குத்தான் பிள்ளை குட்டித் தொல்லை இல்லையே, இந்த விடைத்தாள் கட்டையும் திருத்திக் கொடுங்கள்” என்று சிரித்துக்கொண்டே நீட்டுபவர் கொடியவர் அல்லர், யோசியாதவர், அவ்வளவே. ஆனால் அடி விழுவது ஒன்றுதான். ‘மலடி’ என்னும் வசையைப் படித்தோர் நாம் கைவிட்டுவிட்டோம் என மகிழ்கிறோம். அதன் பணியை இவ்வின்சொற்கள் செவ்வனே ஆற்றி வருகின்றன.

இலக்கியம் பயில்வோர் இங்குத் திருவில்லிபுத்தூரை நினையாதிருக்க இயலாது. துளசி வனத்தில் கண்டெடுத்த கோதையைத் தம் மகளாக வளர்த்தவர் பெரியாழ்வார் என்பது வைணவ மரபு. தாலாட்டு, அம்புலியை அழைத்தல், சப்பாணி கொட்டல், தளர்நடை எனக் குழந்தையின் ஒவ்வொரு பருவத்தையும் ஒரு தாயின் நாவால் பாடியவரும் அவரே. பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை செழித்ததற்கு, நபிகள் நாயகத்தின்மேல் இசுலாமியப் புலவர்கள் பாடிய பிள்ளைத்தமிழ் நூல்கள் உட்பட, அவர் பாசுரங்களே முன்னோடி என்பர் ஆய்வாளர். கண்டெடுத்த மகளுக்குத் தந்தையானவர், பெறாத தாயின் நாவைப் பெற்றதனால் விளைந்த செல்வம் அது. பெற்றவர்க்கே பிள்ளையருமை தெரியும் என்று கூறுவோர் தேரோடும் அவ்வூர் வீதியில் நின்றுகொண்டு அதனைக் கூறாதிருத்தல் நன்று. மேலும் அவர் தொழில் பூமாலை கட்டுதல். வேலையிடத்திலேயே வளர்ந்த பெண் மாலையை எடுத்துச் சூடிக்கொண்டாள். தந்தை பதறினார் என்று கதை செல்கிறது. வேலையும் பிள்ளையும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் இக்காலச் சிக்கலுக்கு அவ்வூரிலேயே பழையதொரு சான்று உளது!

இறைத்தூதர் தொழுகையை நீட்ட எண்ணி நிற்கையில், பின்வரிசையில் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் தவிப்பைக் கருதித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் என நபிமொழித் தொகுப்புகள் அறிவிக்கின்றன. மதரசாவில் ஓதிய எந்தப் பிள்ளையும் அறிந்த செய்தியே இது. நாம் இதனைக் குழந்தைக்குக் காட்டிய பரிவாக மட்டுமே மேடைகளில் விளக்குகிறோம். அங்கே தொழுகை சுருங்கியது எல்லார்க்குமே என்பதை எண்ணிப் பார்த்தோமா? தாயை அனுப்பிவிட்டு, பிள்ளையில்லாதவர்களை மட்டும் நீண்ட நேரம் நிற்கச் சொல்லவில்லை. அழுத குழந்தையை முன்னிட்டுக் கூட்டம் முழுவதும் எளிதாயிற்று. அன்னை ஆயிஷா நாயகிக்குப் பிள்ளைப்பேறு இல்லை. ஆயினும் அவர்கள் தமக்கையின் மகன் பெயரால் ‘உம்மு அப்துல்லாஹ்’, அப்துல்லாஹ்வின் தாய், என்று அழைக்கப்பட்டார்கள். குறையைச் சுட்டாத அழைப்பு அது.

பிள்ளை வளர்ப்பது நாட்டுக்கு நாளைய மக்களை ஆக்கித் தருவது; அதன் பயனை மகவில்லாதவரும் முதுமையில் நுகர்வர்; ஆதலின் அவர் சற்று அதிகம் உழைத்தால் என்ன என்று வாதிடுவோர் உளர். வாதத்தின் முற்பகுதி எனக்கு உடன்பாடே. பயன் நாட்டுக்கெனில் செலவும் நாட்டின் கணக்கிலும் நிறுவனத்தின் கணக்கிலும் எழுதப்பட வேண்டும். அடுத்த மேசையில் அமர்ந்த ஒருவரின் கணக்கில் எழுதலாகாது. நீண்ட விடுப்புக்குப் பதிலாளை அமர்த்துதல் நிருவாகத்தின் கடன். ஐம்பது பேர்க்குக் குறையாத நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டுமெனச் சட்டம் கூறுகிறது. கதவைத் திறந்துவைத்த காப்பகம் ஒன்று ஊழியர்களிடையே எழும் நூறு முணுமுணுப்புகளை அடக்கிவிடும். கோடை விடுமுறையிலும் பெருநாள், தீபாவளி, பொங்கல் நாள்களிலும் விடுப்பு கேட்போரை, பிள்ளையுண்டா என்று பாராமல், சென்ற ஆண்டு யார் விட்டுக்கொடுத்தார் என்று பார்த்து முறைவைத்தல் தகும். முதியோரைப் பேணுதலும் நோயுற்ற உடன்பிறந்தாரைப் பேணுதலும் பிள்ளையைப் பேணுதலோடு ஒத்த காரணங்களாக ஏற்கப்பட வேண்டும். தன் விடுமுறையில் நூல் படிக்கவோ உறங்கவோ விரும்பும் ஒருவர் அதற்குக் காரணமே கூற வேண்டியதில்லை.

இவற்றுள் சிலவற்றுக்குச் சட்டமும் பணமும் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் எதுவும் வேண்டா. எந்தப் பள்ளியிலும் கல்லூரியிலும் தலைமையாசிரியர் அல்லது முதல்வர் மேசைமேல் சப்ஸ்டிட்யூஷன் நோட்டு ஒன்று கிடக்கிறது. நாள், வகுப்பு, வாராதவர், பதிலுக்குச் சென்றவர் என நான்கு கட்டங்கள் அதில் உண்டு. நான்காவது கட்டத்தில் யார் பெயர் எத்தனை முறை வந்திருக்கிறது என்று கல்வியாண்டு முடிவில் கூட்டி, அந்தத் தொகையை ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டிவிட்டு, சூன் மாதத்துக் கால அட்டவணையைத் தொடங்கலாம்.