ஆறு நாள் விடுமுறையும் ஒரு தெருவும்

ஜப்பானில் டிசம்பர் 28-ஆம் தேதி மாலை சர்க்கார் அலுவலகங்களில் கட்டி வைக்கும் கோப்புகளை மறுபடி அவிழ்ப்பது ஜனவரி 4-ஆம் தேதிதான். இடைப்பட்ட ஆறு நாட்களும் விடுமுறை என்று 1988-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. இவற்றில் தேசிய விடுமுறை ஜனவரி முதல் தேதி மட்டுமே. வங்கிகள் 31-ஆம் தேதி முதல் 3-ஆம் தேதி வரை மூடியிருக்கும். தொழிற்சாலைகளில் பெரும்பாலானவையும் இந்த நாட்களை ஒட்டியே கதவடைக்கின்றன.

அதற்கு முன்பே டிசம்பர் முழுவதும் கணக்குத் தீர்க்கும் மாதம். அலுவலகம்தோறும் 'போனென்காய்' என்ற விருந்து நடக்கும். 'ஆண்டை மறக்கும் கூட்டம்' என்பது அதன் பொருள். வீட்டை மூலைமுடுக்கு விடாமல் கழுவுவார்கள். 31-ஆம் தேதி இரவு புத்த ஆலயங்களில் மணி 108 முறை ஒலிக்கும். மனிதனைப் பிடித்தாட்டும் ஆசாபாசங்கள் 108 என்பது நம்பிக்கை.

ஊர் திரும்பும் நெரிசல்

நகரத்தில் பிழைப்பவர்கள் சொந்த ஊருக்குப் புறப்படுவதும் இப்போதுதான். 2023-ஆம் ஆண்டு முடிவிலிருந்து, டோக்கியோவையும் ஒசாகாவையும் இணைக்கும் 'நோசோமி' அதிவேக ரயில்களில் இந்த நெரிசல் நாட்களில் முன்பதிவில்லாப் பெட்டிகளே கிடையாது. பிளாட்பாரக் கூட்டத்தைக் குறைக்கவே இந்த ஏற்பாடு.

ஆனால், போக ஊரும் தங்க வீடும் இல்லாதவனுக்கு இந்த ஆறு நாட்கள் எப்படிக் கழியும்? 2008-ஆம் ஆண்டின் கடைசியில் ஜப்பான் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தது.

அமெரிக்காவில் நிதி நிறுவனங்கள் சரிந்ததால் ஜப்பானின் ஏற்றுமதியும் படுத்தது. மோட்டார், மின்சாதனத் தொழிற்சாலைகள் ஏஜென்சி மூலம் எடுத்திருந்த தற்காலிகத் தொழிலாளரை நிறுத்தின. இப்படி ஆள் எடுக்க உற்பத்தித் துறைக்கு 2004-இல்தான் அனுமதி கிடைத்திருந்தது. அவர்களில் பலர் குடியிருந்தது கம்பெனி தங்குமிடத்தில். வேலை போன அன்றே கூரையும் போயிற்று. உதவி கேட்டுப் போனால், அரசு அலுவலகக் கவுண்டர்கள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன.

தொழிற்சங்கங்களும் பொதுநல அமைப்புகளும் சேர்ந்து டிசம்பர் 31 அன்று டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் கூடாரம் அடித்துச் சுடுசோறு போட்டன. வந்து சேர்ந்தவர்கள் சுமார் 500 பேர். கூடாரங்கள் போதவில்லை. தெருவுக்கு எதிர்ப்புறம் நின்றது தொழிலாளர் நல அமைச்சகக் கட்டிடம். ஜனவரி 2-ஆம் தேதி இரவு, விடுமுறை நடுவிலேயே, அமைச்சகம் தன் மண்டபத்தைத் திறந்துவிட்டது. முகாம் 5-ஆம் தேதி வரை நடந்தது.

கற்ற பாடம்

அந்தத் தொழிலாளர் தனித்தனியாக அலைந்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டார்கள். அமைச்சகத்தின் வாசலிலேயே ஒன்றுகூடியதால்தான் கதவு திறந்தது. அடுத்த ஆண்டு முடிவில் அரசும் டோக்கியோ நிர்வாகமும் தாமே முன்வந்து தங்குமிடம் ஏற்பாடு செய்தன. 30 நாட்களுக்கு உட்பட்ட ஏஜென்சி வேலையை, சில விலக்குகள் நீங்கலாக, 2012-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தடை செய்தது. ஆனால் ஏஜென்சி முறை ஒழியவில்லை.

விடுமுறை நாளிலும் வேலை செய்பவர்களைப் பற்றிய எண்ணமும் இப்போது வளர்ந்திருக்கிறது. ஜனவரி முதல் தேதியோடு 2-ஆம் தேதியும் கடையடைத்து ஊழியருக்கு ஓய்வு தரும் பெரிய கடைகள் பல. ஆள் பற்றாக்குறையும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆண்டை மறக்க விருந்து வைக்கும் நாட்டில், அந்த ஆறு நாட்கள் மட்டும் மறக்கக்கூடாதவை. மற்றவர்கள் ஊர் போன பிறகு நகரத்தில் மிஞ்சி நிற்பவனுக்கும் ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். அப்போதுதான் அது எல்லோருக்குமான விடுமுறை.