ராக் இசையின் முதலும் வழியும்

ராக் இசைக்குழுக்களைத் தலைமுறை வாரியாக நிறுத்தி, எது பெரிது, எது சிறிது என வழக்காடுவோர் இரு சாரார். 1970ஆம் ஆண்டில் பீட்டில்ஸ் குழு கலைந்தபோதே ராக் இசையின் பொற்காலம் முடிந்தது என்பர் ஒரு சாரார். பின்வந்தோர் அனைவரும் அந்நால்வர் சிந்திய பருக்கைகளைப் பொறுக்கியோரே என்பது அவர்தம் துணிபு. எளிய மெட்டுகளில் காதற்பாட்டுப் பாடிய பிள்ளைகளோடு ரேடியோஹெட் போன்ற குழுவினரை ஒப்பிடுவதே பேதைமை என்பர் மற்றொரு சாரார். முன்னவர் கையில் எடுக்கும் படைக்கலம் 'செல்வாக்கு'. பின்னவர் எடுப்பது 'வளர்ச்சி'. இரண்டும் நல்ல சொற்களே. ஆயினும் இரு சாராரும் கணக்கேட்டை நடுப்பக்கத்திலிருந்து திறக்கின்றனர். முதற்பக்கத்தில் எழுதப்பட்டுள்ள கடன் அவர்கள் கண்ணிற்படுவதே இல்லை.

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இவ்வழக்கை அளக்கும் கோல் புதிதன்று. நூலை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பகுத்தது நன்னூல். முன்னோன் முடிபை ஏற்றுத் தான் வேண்டும் வேறுபாட்டையும் சேர்த்துப் பின்னோன் செய்வது வழிநூல். வழிநூல் இழிநூல் அன்று. கம்பன் காவியமும் வழிநூலே. இக்கதையைத் தனக்கு முன் செய்தோர் உளர் என்பதைக் கம்பன் பாயிரத்திலேயே சொல்லிவிட்டான். அதனால் அவன் புகழ் தினையளவும் குறைந்ததில்லை. சிறப்புப் பாயிரம் உரைக்க வேண்டியவற்றை நிரல்படுத்தும் நன்னூல், ஆக்கியோன் பெயரை அடுத்து உடனே வைப்பது 'வழி' என்பதையே. இசைத்தட்டின் உறையும் ஒரு பாயிரந்தான். அதில் ஆக்கியோன் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். வழி இருந்ததா என்பதே கேள்வி.

ராக் இசைக்கு முதல் எது? மிசிசிப்பிப் பருத்தித் தோட்டத்திலிருந்து 1943இல் சிக்காகோ நகருக்குக் குடிபெயர்ந்தவர் மடி வாட்டர்ஸ் என்னும் கறுப்பினப் பாடகர். தோட்டத்துத் திண்ணையில் கேட்ட கிதார், நகரத்து மதுக்கூடத்தின் இரைச்சலில் கேட்காது. ஆதலின் அவர் மின்கிதாரைக் கைக்கொண்டார். தோட்டத்து வாழ்வும் இடப்பெயர்வும் அறிந்த மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவர் 1950இல் பதிவு செய்த ஒரு பாட்டின் பெயரைத்தான் 1962இல் இலண்டன் இளைஞர் சிலர் தம் குழுவிற்குச் சூட்டிக்கொண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் ஆயினர். 1955இல் இசைத்தட்டுலகில் புகுந்த சக் பெர்ரியின் பாட்டைப் பீட்டில்ஸ் குழு 1963இல் தன் இரண்டாம் இசைத்தட்டிலேயே பாடிற்று. இவர்களுக்கும் முன்னரே தேவாலயப் பாட்டை மின்கிதாரோடு இணைத்து முழக்கியவர் சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்னும் பெண்மணி. 1964இல் மான்செஸ்டர் நகரில், பயன்பாடற்றுக் கிடந்த தொடர்வண்டி நிலையமொன்றில், தொலைக்காட்சிக்காக அவரும் மடி வாட்டர்சும் பாடினர். ஆங்கில இளைஞர் அவர்களை வியந்து கேட்டனர்.

வியந்தார்கள், வரிசையில் வைத்தார்களா? அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் 1986 முதல் கலைஞர்களைத் தேர்ந்து சிறப்பித்து வருகிறது. பீட்டில்ஸ் 1988இலும், ரோலிங் ஸ்டோன்ஸ் 1989இலும், லெட் செப்பலின் 1995இலும் அதில் இடம் பெற்றன. 1973இல் மறைந்த ரோசெட்டா தார்ப் 2018இல்தான் உள்ளே அழைக்கப்பட்டார். அதுவும் 'தொடக்ககாலச் செல்வாக்கு' என்னும் பிரிவில்! அடுத்த ஆண்டே ரேடியோஹெட் குழுவும் நுழைந்தது. பாட்டிக்கும் கொள்ளுப்பேரனுக்கும் ஓராண்டு இடைவெளியில் பெயர்சூட்டு விழா நடத்திய இவ்வரிசையைச் சான்றாகக் காட்டித்தான் செல்வாக்கைப் பற்றி வாதிடுகின்றனர்.

இனி, வழியைக் கூறியோரையும் மறைத்தோரையும் பிரித்தறிய வேண்டும். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் மீது எத்தனையோ குறை சொல்லலாம். ஆனால் 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று தங்களை அழைத்தபோது, ஹவ்லின் உல்ஃப் என்னும் மூத்த கறுப்பினப் பாடகரையும் மேடையேற்ற வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினர். அவர் பாடியபோது அவர் காலடியில் அமர்ந்து கேட்டனர். நாட்டு வெள்ளையர் இல்லங்களில் அம்முதியவரின் முகம் அன்று அவ்வாறு தோன்றிற்று. இதற்கு மாறாக, லெட் செப்பலின் குழு 1969இல் வெளியிட்ட இரண்டாம் இசைத்தட்டின் முதற்பாட்டை நோக்குக. வில்லி டிக்சன் இயற்றி, மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிய பாட்டின் சாயலும் சொற்களும் அதில் வெளிப்படை. உறையிலோ டிக்சனின் பெயர் இல்லை. அவர் 1985இல் வழக்குத் தொடுத்தார். 1987இல் இணக்கம் ஏற்பட்டது. பின்னரே ஆக்கியோர் வரிசையில் அவர் பெயரும் சேர்ந்தது. உலகெங்கும் ஒலித்த பாட்டுக்கு உரியவர், தம் பெயரைப் பெறவே நீதிமன்றப் படியேற நேர்ந்தது.

"புளூஸ் பாட்டுகளே பொதுச்சொத்து, அடிகள் வாய்க்கு வாய் மாறித் திரிந்தவை, கடன் வாங்காத கலையும் உண்டோ?" என்று இதற்கு விடை கூறுவோர் உளர். அவ்வாதம் பாதி மெய். நாட்டுப்புற மரபில் அடிகள் ஊர்விட்டு ஊர் நடந்தன என்பது உண்மையே. ஆனால் ஒருவர் இயற்றி, அவர் பெயரில் பதிவாகி, ஏழே ஆண்டுகள் கழிந்த பாட்டு ஊர்ப்பொதுக் கிணறு ஆகிவிடாது. மேலும், எடுத்தவர்கள் அதனைப் பொதுச்சொத்தாகவா வெளியிட்டனர்? தம் பெயரை இட்டு உரிமைத்தொகையைத் தாமே பெற்றனர். எடுக்கும்போது பொது, விற்கும்போது தனி என்பது எவ்வூர் அறம்?

வழி கூறினால் பெருமை குன்றும் என்று அஞ்சினர் போலும். அதே குழுவின் வரலாறே அவ்வச்சத்தைப் பொய்யாக்கிற்று. 1927இல் மிசிசிப்பி ஆறு கரையுடைத்துப் பெருகிய அழிவைப் பற்றி, கான்சஸ் ஜோ மெக்காய், மெம்ஃபிஸ் மின்னி இருவரும் 1929இல் ஒரு பாட்டைப் பதிவு செய்தனர். லெட் செப்பலின் 1971இல் அதனை எடுத்தாண்டபோது, உறையில் மெம்ஃபிஸ் மின்னியின் பெயரையும் சேர்த்தது. மாளிகையொன்றின் மாடிப்படிக் கூடத்தில் முரசுகளை வைத்து, ஒலிவாங்கிகளை மேலே தொங்கவிட்டு ஜான் பான்ஹம் கொட்டிய கொட்டு, அதற்கு முன் எவரும் கேளாதது. வெள்ளம் வருவதைச் சொல்லாலன்றி ஓசையாலேயே காட்டிய கொட்டு அது. பின்னோன் சேர்த்த வேறுபாடு என்பதற்கு இதனினும் நல்ல காட்டு கிடைப்பது அரிது. 1986இல் ராப் இசைக்குழுவொன்று அக்கொட்டை அப்படியே எடுத்துத் தன் பாட்டுக்கு அடித்தளமாக்கிற்று. மின்னியின் பெயரைச் சொன்னதால் பான்ஹமின் பெருமை எங்கே குறைந்தது?

வளர்ச்சி என்னும் சொல்லும் இவ்வாறே ஆராயத் தக்கது. பீட்டில்ஸ் தம் முதல் இசைத்தட்டின் 14 பாட்டுகளில் 10 பாட்டுகளை 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிவு செய்தனர். 1966 ஆகஸ்டு 29 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரில் பாடியதோடு ஊர்ஊராகச் சென்று பாடுவதை நிறுத்தி ஒலிப்பதிவுக் கூடத்தில் புகுந்தனர். 1967இல் வந்த புகழ்மிக்க இசைத்தட்டுக்கு ஐந்து மாத அளவு செலவாயிற்று. நான்காண்டுகளில் இத்தகைய மாற்றம் வியப்புக்குரியதே. ஆனால் வியப்போர் மேதைமையை மட்டும் எண்ணுகின்றனர். ஓபோ வாசிக்கக் கற்றவரும் மேலைச் செவ்விசை அறிந்தவருமான ஜார்ஜ் மார்ட்டின் என்னும் தயாரிப்பாளரையும், கேட்டபோதெல்லாம் திறந்த கூடத்தையும், கேள்வி கேளாத பணத்தையும் எண்ணுவதில்லை. மடி வாட்டர்சுக்கு எவர் ஐந்து மாதம் கொடுத்தார்? வாய்ப்பில்லாதவனுடைய படைப்பை வாய்ப்புள்ளவனுடைய படைப்போடு நிறுத்தி, இவன் வளர்ந்தான், அவன் வளரவில்லை என்பது நேர்மையான ஒப்பீடு அன்று.

அதே 1967ஆம் ஆண்டு இசைத்தட்டில் ஜார்ஜ் ஹாரிசன் பாடிய இந்தியப் பாணிப் பாட்டு ஒன்று உண்டு. தில்ரூபா, தபேலா முதலியவற்றை வாசித்த இலண்டன் வாழ் இந்தியக் கலைஞரின் பெயர்கள் அவ்வுறையில் இடம்பெறவில்லை. முந்திய ஆண்டின் இசைத்தட்டில் தபேலா வாசித்த அனில் பகவத்தின் பெயரை அச்சிட்டவர்களே, இதில் அதனைச் செய்யத் தவறினர்.

சிக்கல் மிகுவதே வளர்ச்சி என்பாரும் உளர். 1973இல் வெளிவந்த பிங்க் ஃபுளோய்ட் குழுவின் இசைத்தட்டு, 1988 வரையில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 741 வாரங்கள் நின்றது. நுட்பமும் பொறுமையும் நிறைந்த படைப்பு, ஐயமில்லை. ஆனால் 1976இல் ரமோன்ஸ் என்னும் நியூயார்க் குழு, 14 பாட்டுகளை அரை மணி நேரத்திற்குள் அடக்கி வெளியிட்டது. அவ்வாண்டு ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு பாடியபோது, கேட்க வந்தோர் சில பத்துப் பேரே. குழுவின் பெயர் கேட்டு முகம் சுளிப்போர் சுளிக்கட்டும்; அச்சிறு கூட்டத்திலிருந்தே பின்னாளில் ஜாய் டிவிஷன், ஸ்மித்ஸ் ஆகிய குழுக்களின் முதன்மையர் எழுந்தனர். 741 வாரம் பெரிதா, அந்த ஓர் இரவு பெரிதா? கேட்டோர் எத்தனை பேர் என்பதில் இல்லை செல்வாக்கு. கேட்டவன் எழுந்து என்ன செய்தான் என்பதில் உள்ளது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவினரும் சிங்கப்பூரில் பாடிய பின், இவ்வட்டார மலாய் இளைஞர் மின்கிதார் ஏந்தினர். ஆனால் பாடியவை மலாய்ப் பாட்டுகள். 'பாப் யே யே' என்னும் அவ்வகைக்குப் பீட்டில்ஸ் பல்லவியிலிருந்து பெயர் வந்தது. உயிர் இம்மண்ணிலிருந்து வந்தது.

இளைய சாரார் போற்றும் ரேடியோஹெட் குழுவும் இதற்குப் புறம்பன்று. 1992இல் அதற்குப் பெயர் தேடித் தந்த பாட்டு, முன்னைய பாட்டொன்றை ஒத்திருந்தமையால் அதன் ஆசிரியர் இருவரும் பின்னர் உடன்ஆக்கியோராகச் சேர்க்கப்பட்டனர். 2000இல் கிதாரையே பின்னுக்குத் தள்ளி அக்குழு வெளியிட்ட இசைத்தட்டில், பால் லான்ஸ்கி என்பார் 1973இல் பல்கலைக்கழகக் கணினியில் ஆக்கிய இசையின் சிறு துண்டு பாட்டொன்றுக்கு அடிநாதமாக நிற்கிறது. இம்முறை உறையிலேயே அவர் பெயர் உள்ளது. எட்டாண்டில் அக்குழு அடைந்த வளர்ச்சிகளுள் இதனையும் ஒன்றாக எவரும் எண்ணக் காணோம். 1991இல் உலகைப் புரட்டிய நிர்வானா குழுவின் கர்ட் கோபேனும், 1993 நவம்பரில் தொலைக்காட்சிக்காகப் பாடிய நிகழ்ச்சியை, 1949இல் மறைந்த லெட் பெல்லி பாடிய பழம்பாட்டோடு முடித்தார். யார் பாட்டு என்பதை மேடையிலேயே சொன்னார்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 2023இல், தோன்றி அறுபதாண்டு கடந்தபின், புதிய இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டது. அதன் இறுதிப் பாட்டில் முரசில்லை, வேறு துணையில்லை. எண்பதை நெருங்கிய மிக் ஜாக்கரும் கீத் ரிச்சர்ட்சும் இருவராய் நின்று ஒரு கிதாரோடும் வாயிசைக் கருவியோடும் பாடினர். பாட்டு, 1950இல் மடி வாட்டர்ஸ் பதிவு செய்த அதே பாட்டு.