டி.என்.ஏ பொருந்தியும் தூக்குத் தண்டனைக் கைதி விடுதலை: சுருளி அருவி வழக்கில் எங்கே சறுக்கியது?

2011 மே மாதம். தேனி மாவட்டம் சுருளி அருவிக்குப் போன ஓர் இளம் ஜோடி வீடு திரும்பவில்லை. சில நாட்கள் கழித்து, காட்டுப் பகுதியில் இருவரின் உடல்களும் மீட்கப்பட்டன.

இந்த வழக்கில் கைதானவருக்கு 2018-ல் தேனி நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அதை உறுதி செய்தது. கொல்லப்பட்ட பெண்ணின் உடலில் எடுத்த மாதிரி, கைதானவரின் டி.என்.ஏ-வுடன் பொருந்தியது என்பது அரசுத் தரப்பின் முக்கிய ஆதாரம்.

ஆனால், 2025 ஜூலை 15-ல் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா அமர்வு அந்த டி.என்.ஏ ஆதாரத்தை ஏற்கவில்லை.

பொருந்திய டி.என்.ஏ-வை ஏன் ஏற்கவில்லை?

சிக்கல் ஆய்வகத்திலா, அதற்கு முன்பா?

ஆய்வகம் இரண்டு மாதிரிகளை ஒப்பிட்டு, இரண்டும் ஒரே நபருடையதா என்று சொல்லும். ஆனால், தன் கைக்கு வரும் முன் அந்த மாதிரி எங்கே இருந்தது, யார் திறந்தார்கள், வேறு எதனுடனாவது கலந்ததா என்பதை ஆய்வகத்தால் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டியது காவல்துறையின் ஆவணங்கள்.

சுருளி வழக்கில் சறுக்கியது இங்கேதான். மாதிரிகளை அனுப்பியதில் ஏற்பட்ட தாமதத்துக்கு விளக்கம் இல்லை. யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது என்ற தொடர்ச்சியும் நிரூபிக்கப்படவில்லை. மாதிரி கெட்டிருக்கலாம், கலந்திருக்கலாம் என்ற சந்தேகத்தைத் தள்ளிவிட முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.

மாதிரி எப்படிக் கெடும்?

சிவகங்கை மாவட்டம் கண்டரமாணிக்கத்தில் ஒரு கொலை நடந்ததாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ரத்தக்கறை படிந்த துணி கிடைக்கிறது. சாட்சிகள் முன்னிலையில் மகஜர் போட்டு, துணியை எடுத்து சீல் வைக்க வேண்டும். அது காவல் நிலையம், நீதிமன்றம் என்று கைமாறி ஆய்வகத்துக்குப் போக வேண்டும். சென்னையில் உள்ள தலைமை ஆய்வகத்துக்குத்தான் அனுப்புவது என்றால் சுமார் 400 கி.மீ. பயணம்.

ஈரத்துணியை அப்படியே பிளாஸ்டிக் கவரில் போட்டால், நம்ம ஊர் வெயிலுக்குப் பூஞ்சை பிடித்துவிடும். டி.என்.ஏ சிதையும். நிழலில் உலர்த்தி, காகித உறையில் வைப்பதுதான் முறை. கையுறை இல்லாமல் தொட்டால், தொட்டவரின் டி.என்.ஏ-வும் ஒட்டிக்கொள்ளும்.

இது வெறும் கற்பனை பயம் இல்லை. ஜெர்மனியில் ஒரு பெண் போலீஸ் கொலை உட்படப் பல குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ கிடைத்தது. ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். கடைசியில் 2009-ல் உண்மை தெரிந்தது: மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சியைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்த பெண்ணின் டி.என்.ஏ அது!

டெல்லி சாவ்லா வழக்கிலும் இதே பிரச்சினை வந்தது. 2012-ல் 19 வயதுப் பெண் கொல்லப்பட்ட அந்த வழக்கில், மாதிரிகள் பத்து நாட்களுக்கும் மேல் காவல் நிலையத்திலேயே இருந்தன. தூக்கு விதிக்கப்பட்ட மூன்று பேரையும் 2022-ல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

அப்போ டி.என்.ஏ-வை நம்பவே கூடாதா?

அப்படி இல்லை. பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையிலேயே உதாரணம் இருக்கிறது. பிரேமானந்தா வழக்கில் ஹைதராபாத் ஆய்வகத்தின் டி.என்.ஏ முடிவு முக்கிய ஆதாரமாக இருந்தது. அதை எதிர்த்துப் பிரதிவாதித் தரப்பு வெளிநாட்டு நிபுணரையே கொண்டு வந்தது. ஆனாலும் 1997-ல் தண்டனை வழங்கப்பட்டது. 2005-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இன்னொரு பக்கம், சரவண பவன் ராஜகோபால் வழக்கு. உடலை அடையாளம் காண டி.என்.ஏ சோதனை செய்யவில்லையே என்பது அவர் தரப்பு வாதங்களில் ஒன்று. 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. டி.என்.ஏ என்பதும் ஒரு நிபுணர் கருத்துதான், அதன் மதிப்பு வழக்குக்கு வழக்கு மாறும் என்றது.

இனி என்ன மாறும்?

சுருளி தீர்ப்பில் நாடு முழுவதற்கும் உச்ச நீதிமன்றம் விதித்த முக்கிய நெறிமுறைகள்:

• மாதிரி உறையில் எஃப்.ஐ.ஆர் எண், காவல் நிலையம், விசாரணை அதிகாரி விவரம் இருக்க வேண்டும். மாதிரி எடுத்ததற்கான ஆவணத்தில் மருத்துவர், அதிகாரி, சாட்சிகள் கையெழுத்திட வேண்டும்.

• எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். தாமதமானால், காரணத்தை கேஸ் டைரியில் எழுத வேண்டும்.

• விசாரணை நீதிமன்ற அனுமதி இல்லாமல் உறையைத் திறக்கவோ, மறுபடி சீல் வைக்கவோ கூடாது.

• மாதிரி யார் யார் கைக்குப் போனது என்பதற்கு வழக்கு முடியும் வரை தனிப் பதிவேடு வேண்டும்.

2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும். இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. மாதிரிகள் இனி கூடும். அதைக் கையாளப் பயிற்சி பெற்ற ஆட்களும் ஆய்வக வசதியும் சேர்ந்து கூட வேண்டும். இல்லாவிட்டால் 48 மணி நேரம் என்பது காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

அடுத்த முறை 'டி.என்.ஏ பொருந்தியது' என்று பிரேக்கிங் நியூஸ் வந்தால், மூன்று கேள்விகள் கேட்கலாம். மாதிரியை எப்போது எடுத்தார்கள்? அதுவரை யாரிடம் இருந்தது? எத்தனை நாளில் ஆய்வகம் போனது?

சுருளி வழக்கில் இதற்குச் சரியான பதில் இல்லாததால், ஒருவர் ஏழு ஆண்டுகளுக்கும் மேல் தூக்குத் தண்டனைக் கைதியாக வாழ்ந்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு குடும்பங்களுக்கோ, 14 ஆண்டுகள் கழித்தும் 'கொன்றது யார்?' என்ற கேள்விக்குப் பதில் இல்லை.