சாரதியில்லா மோட்டாரும் பொதுமக்கள் நம்பிக்கையும்

மனிதன் தன் உயிரைப் பிறர் கையில் ஒப்படைத்துப் பிரயாணம் செய்வது புதிய வழக்கமன்று. படகோட்டியையும், வண்டிக்காரரையும், பஸ் சாரதியையும் அவன் நெடுங்காலமாக நம்பி வந்துள்ளான். அந்த நம்பிக்கைக்கு ஓர் ஆதாரம் உண்டு. வண்டி கவிழுமாயின் அதனை ஓட்டுபவரும் உடன் கவிழ்வார். ஆகவே பிரயாணிகளின் உயிரைக் காப்பதில் அவருக்கும் பங்கு இருக்கிறது. சாரதியின் ஆசனம் வெறுமையாக உள்ள மோட்டார் வண்டியிலோ இவ்வாதாரம் இல்லை. எனவே, அத்தகைய வண்டியில் ஏறத் தயங்குவோரை அறியாமையில் உழல்பவர் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. அவர்களுடைய ஐயம் விடை பெற வேண்டிய ஒரு கேள்வியாகும்.

தானே இயங்கும் மோட்டார் என்பதன் பொருளை முதலில் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். மோட்டார்ப் பொறியியலாளர்களின் சர்வதேசச் சங்கம் 2014-ஆம் ஆண்டில் இவ்வியக்கத்தைப் பூஜ்யம் முதல் ஐந்து வரை ஆறு படிகளாகப் பகுத்தது. முதல் இரண்டு படிகளில், வேகத்தைச் சீராக்குதல், பாதையின் கோட்டுக்குள் வண்டியை நிறுத்துதல் முதலிய உதவிகளை இயந்திரம் செய்கிறது. ஆயினும் கண்ணும் கருத்தும் பொறுப்பும் மனிதருடையவையே. நான்காம் படியில், குறிப்பிட்ட எல்லைக்குள் மனிதரின்றி வண்டி செல்லும். ஐந்தாம் படி எவ்விடத்தும் எக்காலத்தும் செல்ல வல்லது. அது இன்னும் எட்டப்படவில்லை. இந்திய வீதிகளில் விற்பனையாகும் சில வண்டிகளில் இரண்டாம் படி உதவிகள் உள்ளன. இவற்றை நான்காம் படியெனக் கருதிக் கையை விடுவது ஆபத்தாகும். மிகையான ஐயத்தைக் காட்டிலும் மிகையான நம்பிக்கையே இங்கு அதிகத் தீங்கு விளைக்க வல்லது.

சாலை விபத்துகளில் பெரும்பாலானவை மனிதத் தவற்றால் நேர்வன. ஆகவே மனிதரை நீக்கினால் விபத்தும் நீங்கும் என்று சிலர் வாதிப்பர். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இவ்வளவு பெரிய இழப்பைக் குறைக்க உதவும் எக்கருவியையும் வெறுத்து ஒதுக்க இயலாது. எனினும் அவ்வாதத்தில் ஒரு குறை உண்டு. மனிதர் செய்யும் தவறுகளை இயந்திரம் செய்யாதிருக்கலாம். ஆனால் மனிதர் செய்யாத தவறுகளை அது செய்யக்கூடும். பாதுகாப்பைக் கணக்கால் நிறுவுவதும் எளிதன்று. அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016-இல் வெளியிட்ட கணிப்பின்படி, உயிர்ச்சேத விகிதத்தில் இயந்திரம் மனிதரைவிடத் தாழ்ந்ததன்று என்பதை 95 சதவீத உறுதியுடன் காட்டுவதற்கு, ஓர் உயிர்ச்சேதமும் இன்றி ஏறத்தாழ 44 கோடி கிலோமீட்டர் ஓடிக் காட்ட வேண்டும். நூறு வண்டிகள் இரவும் பகலும் ஓடினாலும் இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். வேமோ நிறுவனம் வெளியிட்டுள்ள கணக்குகள், அதன் வண்டிகள் ஓடும் அமெரிக்க நகரங்களில் காயம் விளைக்கும் விபத்துகள் குறைந்தன என்றே காட்டுகின்றன. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் பீனிக்ஸ் நகரின் அகன்ற வீதிகளில் பெற்ற நற்சான்று, பிற நாட்டு வீதிகளுக்குத் தானாகவே பொருந்திவிடாது.

2018 மார்ச் 18-ஆம் நாள் அமெரிக்காவின் டெம்பி நகரில் நிகழ்ந்ததை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். ஊபர் நிறுவனத்தின் சோதனை வண்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியை மோதிக் கொன்றது. மோதலுக்கு 5.6 விநாடிகளுக்கு முன்னரே வண்டியின் கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. ஆயினும் அவர் மோட்டாரா, சைக்கிளா, வேறு பொருளா என்று மாறி மாறிக் கணித்துக்கொண்டிருந்தது கணிப்பொறி. குறியிட்ட இடத்திற்கு அப்பால் மனிதர் சாலையைக் கடக்கக்கூடும் என்பதற்கு அதன் அமைப்பில் இடமளிக்கப்படவில்லை என்று அரசாங்க விசாரணை கண்டறிந்தது. உள்ளே இருந்த கண்காணிப்பாளரும் சாலையைக் கவனிக்கவில்லை.

இச்செய்தியைத் திருவனந்தபுரத்தில் படிக்கும் எவருக்கும் கிழக்கேகோட்டையும் சாலைக் கடைவீதியும் நினைவுக்கு வரும். அங்கே குறியிட்ட இடத்தில் மட்டுமே சாலையைக் கடப்போர் எத்தனை பேர்? இடவப்பாதியிலும் துலாமாதத்திலும் பெய்யும் பெருமழையில் பாதையின் கோடுகள் நீரில் மறைகின்றன; லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார் கருவியும் கேமராவும் மழையில் பார்வை குன்றுகின்றன. ஆற்றுக்கால் பொங்கலன்று நகரத்தின் வீதிகளே அடுப்பங்கரைகளாகி விடுகின்றன. இவற்றையெல்லாம் இயந்திரத்துக்கு விதிவிலக்குகள் எனலாம். நகரவாசிகளுக்கோ இவையே வாழ்க்கை. பத்மநாபசுவாமி கோயிலின் ஆராட்டு ஊர்வலம் ஆண்டுக்கு இருமுறை சங்குமுகம் கடற்கரைக்கு விமான நிலையத்தின் ஓடுபாதை வழியே செல்கிறது. அவ்வேளையில் விமானங்கள் நிறுத்தப்படுகின்றன; முன்கூட்டியே அறிவிப்பும் தரப்படுகிறது. புதிய இயந்திரமும் பழைய வழக்கமும் தெளிவான ஏற்பாட்டினால் ஒத்து வாழ இயலும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இந்நகரம் தானியங்கி விஞ்ஞானத்துக்குப் புதியதும் அன்று. 1963 நவம்பர் 21-ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழும்பியது. இங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய சிறகுள்ள ஏவுகல மாதிரி, 2023 ஏப்ரல் 2-ஆம் நாள் சித்ரதுர்கா அருகே நாலரை கிலோமீட்டர் உயரத்தில் ஹெலிகாப்டரிலிருந்து விடுவிக்கப்பட்டு, மனிதர் கை படாமல் ஓடுபாதையில் இறங்கியது. 2024-இல் அச்சோதனை மேலும் கடினமான நிலைமைகளில் இருமுறை நிகழ்த்தப்பட்டது. ஆனால் இவ்வெற்றிகளுக்கு முன் தோல்விகளும் இருந்தன. 1993 செப்டம்பர் 20-ஆம் நாள் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதற்பயணம் தோற்றது. கணிப்பொறி நிரலில் இருந்த பிழையும் அதற்கு ஒரு காரணம். 2019-இல் சந்திரயான்-2 இறங்குகலம் வீழ்ந்தது. இவற்றின் காரணங்கள் ஆராயப்பட்டுப் பொதுமக்களுக்குக் கூறப்பட்டன. 2023 ஆகஸ்ட் 23-ஆம் நாள் சந்திரயான்-3 சந்திரனில் தானே இறங்கியபோது தேசம் கொண்ட மகிழ்ச்சி, தோல்வியை அறிந்தவர்களின் மகிழ்ச்சியாகும்.

மறைத்தால் என்ன நேரும் என்பதையும் அதே ஆண்டு காட்டியது. 2023 அக்டோபர் 2-ஆம் நாள் ஸான்பிரான்ஸிஸ்கோவில், வேறொரு வண்டியால் தள்ளப்பட்டு விழுந்த பெண்மணியைக் குரூஸ் நிறுவனத்தின் சாரதியில்லா வண்டி ஏறக்குறைய ஆறு மீட்டர் இழுத்துச் சென்றது. அதனை நிறுவனம் அதிகாரிகளுக்கு முழுமையாக வெளிப்படுத்தவில்லை. சில வாரங்களுக்குள் அதன் அனுமதி நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு இறுதியில் அதன் தாய் நிறுவனம் அம்முயற்சியையே கைவிட்டது. விபத்தைவிட மறைப்பே நம்பிக்கையை விரைவில் அழித்தது எனலாம்.

நம்பிக்கைக்கு மற்றொரு நிபந்தனை, முறையிடும் வழி. 2023 ஜூன் முதல் கேரளத்தில் 726 கேமராக்கள் சாலை விதிமீறல்களைத் தாமே கண்டு படமெடுக்கத் தொடங்கின. ஆயினும் படத்தை மனிதர் சரிபார்த்த பின்னரே அபராத அறிவிப்பு அனுப்பும் ஏற்பாடும், தவறெனில் முறையிடும் வாய்ப்பும் வைக்கப்பட்டன. தானியங்கி மோட்டாரின் பிழையோ அபராதத்தோடு முடிவதன்று. அது ஒருவரைக் காயப்படுத்துமாயின் பொறுப்பு யாருடையது? உரிமையாளருடையதா, நிரல் எழுதியவருடையதா, தயாரித்தவருடையதா? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் உரிமம் பெற்ற ஒரு மனிதர் ஓட்டுகிறார் என்னும் அடிப்படையில் அமைந்தது. இக்கேள்விக்குச் சட்டம் விடையளிக்கும் முன், மக்கள் நம்பவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. வண்டி ஓட்டிப் பிழைக்கும் இலட்சக்கணக்கான குடும்பங்களின் கவலையும் புறக்கணிக்கத் தக்கதன்று. வேலை இழப்பைக் காரணங்காட்டி இத்தகைய வண்டிகளை அனுமதிக்க இயலாதென்று மத்தியப் போக்குவரத்து மந்திரி நிதின் கட்கரி 2017-இலும் 2023-இலும் கூறியுள்ளார்.

ஆயின் செய்யத்தக்கது யாது? படிப்படியாகச் செல்வதே. 2020 டிசம்பர் 28-ஆம் நாள் டில்லி மெட்ரோவில் சாரதியில்லா ரயில் தொடங்கப்பட்டபோது, பாதை தனித்ததாக இருந்தது. தொடக்கத்தில் பணியாளர் ஒருவரும் உடன் சென்றார். மோட்டார்களும் அவ்வாறே வேலியிட்ட வளாகங்களிலும் தனிப்பாதைகளிலும் முதலில் ஓடட்டும். ஹைதராபாத் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022-இல் தொடங்கப்பட்ட சோதனைத்தளம் இத்திசையில் நல்ல அடியெடுப்பாகும். ஒவ்வொரு விபத்தும், நூலிழையில் தப்பிய நிகழ்ச்சியும், தயாரிப்பாளரைச் சாராத ஒரு குழுவால் ஆராயப்பட்டு, மக்கள் மொழியில் வெளியிடப்பட வேண்டும்.

இதில் ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் தனிக் கடமை உண்டு. விளம்பரத்தையும் நிரூபணத்தையும் பிரித்தறிய மாணவருக்குக் கற்பித்தல் ஆசிரியர் பணி. 44 கோடி கிலோமீட்டர் என்னும் கணக்கு ஒன்றே நிகழ்தகவுப் பாடத்துக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். எந்த வளைவில் கால்நடைகள் குறுக்கிடும், எந்தச் சந்தியில் மழைநீர் தேங்கும் என்பதைப் பொறியியலாளருக்கு எடுத்துரைத்தல் களப்பணியாளர் பணி. அவ்வறிவு வேற்று நாட்டு வரைபடங்களில் கிடைப்பதன்று. மக்களை நம்பச் செய்வது விஞ்ஞானத்தின் தொழிலன்று. நம்பத்தக்க இயந்திரத்தைச் செய்து, அதன் குறைகளையும் கூறி, தீர்ப்பை மக்களிடம் விடுவதே அதன் தொழில்.