நாய்க்கழுத்துப் பட்டை என்று எழுதிவைத்தார்கள்

ஆம்ஸ்டர்டாம் போய் ரைக்ஸ் அருங்காட்சியகத்தைப் பார்த்துவந்த ஓவியர் ஒருவர், எங்கள் ஊர் இலக்கியக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் பேசினார். 1634-ல் ரெம்பிராண்ட் வரைந்த மார்ட்டன் சோல்மான்ஸ், அவர் மனைவி ஓப்யென் இருவரின் ஆளுயரப் படங்களைத் திரையில் காட்டினார். கறுப்புப் பட்டு, கழுத்தில் லேஸ், செருப்பில் பூ. 'வெளிச்சம், வெளிச்சம்' என்று உருகினார். எழுந்து ஒன்றே ஒன்று கேட்டேன்: அய்யா, அந்த லேசுக்கு யார் காசு கொடுத்தது? கூட்டம் சிரித்தது. 'பேங்க் குமாஸ்தா புத்தி போகுமா? கலையில அரசியலக் கலக்காதீங்க தோழர்' என்றார்.

ஆமாம், குமாஸ்தாதான். ஒரு பக்கம் வரவு என்றால் இன்னொரு பக்கம் பற்று இருந்தே தீரும் என்று தெரிந்தவன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மார்ட்டனின் அப்பனுக்கு ஆம்ஸ்டர்டாமில் சர்க்கரை ஆலை. ஆலைக்குச் சரக்கு பிரேசிலிலிருந்து. அங்கே கரும்பு வெட்டியவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். ஓப்யெனின் இரண்டாம் புருசன் பிரேசிலில் இருந்த காலத்தில் பிரான்சிஸ்கா என்ற ஆப்பிரிக்கப் பெண்ணை வன்புணர்ந்தான். அவளுக்குக் குழந்தை பிறந்தது. ஓப்யெனுக்கு ரெம்பிராண்டின் தூரிகை. பிரான்சிஸ்காவுக்குப் படம் கிடையாது. ஏட்டில் ஒரு பெயர், அவ்வளவுதான். சோல்மான்ஸ் தம்பதியின் இரண்டு படங்களையும் 2016-ல் நெதர்லாந்தும் பிரான்சும் சேர்ந்து 16 கோடி யூரோவுக்கு வாங்கின.

இது என் கற்பனை இல்லை. 2021-ல் அதே ரைக்ஸ் அருங்காட்சியகம் அடிமைமுறை பற்றித் தனிக் கண்காட்சி நடத்திச் சொன்ன கதை. வழக்கமான கூடங்களிலும் 70-க்கும் மேற்பட்ட பொருள்களுக்குப் பக்கத்தில் அடிமை வரலாற்றைச் சொல்லும் குறிப்புகளை ஒட்டியது. வெள்ளைக்காரன் தன் வீட்டுச் சுவரில் தானே எழுதியதை, நம்ம ஆள் இங்கே மறைத்துவிட்டு வெளிச்சம் காட்டுகிறார்.

அந்தக் கண்காட்சியில் ஒரு பித்தளைப் பட்டை வைக்கப்பட்டது. 1689 என்று ஆண்டு பொறித்தது. நெடுங்காலம் அது நாய்க்கழுத்துப் பட்டை என்றே பதிவேட்டில் இருந்தது. அதே மாதிரிப் பட்டை கறுப்புச் சிறுவர்கள் கழுத்தில் இருப்பதைப் பழைய ஓவியங்களில் பார்த்த பிறகுதான் அது மனுசனுக்கும் மாட்டியதாக இருக்கலாம் என்று உறைத்தது. தோழர்களே, அந்த ஓவியங்கள் முன்னூறு வருசமாகச் சுவரில்தான் தொங்கின. பட்டும் தெரிந்தது, வெளிச்சமும் தெரிந்தது. பையனின் கழுத்து மட்டும் ஒருத்தன் கண்ணுக்கும் தெரியவில்லை. இதைத்தான் 'தூய அழகியல்' என்கிறார்கள்.

'அது அய்ரோப்பாக்காரன் பாவம், நமக்கென்ன?' என்பார்கள். நமக்குத்தான். டச்சுக் கம்பெனி பழவேற்காட்டில் கோட்டை கட்டியது, 1658-ல் நாகப்பட்டினத்தைப் பிடித்தது. அடுத்து வந்த 1659-61 பஞ்சத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியது. இலங்கைக்குப் போனார்கள், பட்டேவியாவுக்குப் போனார்கள். பஞ்சத்தில் முதலில் பட்டினி கிடப்பது யார் என்று சேரியில் பிறந்தவனுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். வாங்கியவன் டச்சுக்காரன். பிடித்துக்கொடுத்துத் தரகு தின்றவன் எந்த ஊர்க்காரன்? ரெம்பிராண்ட் உயிரோடு இருந்து வரைந்துகொண்டிருந்த அதே வருசங்கள் இவை. தஞ்சைச் சீமையின் பசிக்கும் ஆம்ஸ்டர்டாமின் பட்டுக்கும் நடுவில் ஒரே கம்பெனிக் கணக்குப் புத்தகம்தான் இருந்தது.

ரெம்பிராண்டைக் கொளுத்தச் சொல்லவில்லை. அந்தக் கை பெரிய கை. எனக்கும் அந்தப் படங்கள் பிடிக்கும். பிரான்சிஸ்காவின் பெயரையும் சேர்த்துச் சொல் என்கிறோம். அதற்கே இத்தனை எரிச்சல் ஏன்? ஆம்ஸ்டர்டாம் சுவரில் அந்தக் குறிப்பை வாசித்தால், ஊர் திரும்பியதும் கோயில் சிற்பத்தின் முன்னாலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டிவரும். கல் சுமந்தவன் எங்கே குடியிருந்தான்? கட்டி முடித்த கோயிலுக்குள் அவனை விட்டார்களா? அந்தப் பயம்தான்.

மாணவத் தோழர்களே, எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். படத்தை நின்று ரசியுங்கள். ரசித்துவிட்டு, காசு யாருடையது, உழைப்பு யாருடையது, பக்கத்தில் எழுதாமல் விட்ட பெயர் எது என்று எழுதுங்கள். பதில் சொல்ல மறுக்கிற கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உட்காராதீர்கள்.