கயிற்றைக் கட்டியது யார்? அறுத்தது யார்?

1947 தேசப் பிரிவினையைப் பற்றிப் பேச்சு எடுத்தால், சில கனவான்கள் பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். "இந்துவும் முஸ்லிமும் சீக்கியரும் ஒரே ஊரில் வாழ முடியாது. அன்று நடந்த படுகொலைகளே சாட்சி" என்பது அவர்கள் வாதம். 2021 முதல் ஆகஸ்டு 14-ம் தேதியைப் பிரிவினைக் கொடுமைகளின் நினைவு நாள் என்று மத்திய அரசு அனுசரித்து வருகிறது. மாண்டவர்களை நினைப்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. நினைக்கத்தான் வேண்டும். ஆனால் கத்தியை மட்டும் நினைத்துக்கொண்டு, அதைத் தீட்டிக் கொடுத்தவனை மறந்துவிடுவதா?

இந்தக் கனவான்களுக்கு ஒரு நாவல் பதில் சொல்கிறது. 1956-ல் வெளிவந்த, 'பாகிஸ்தான் போகும் ரயில்' என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட ஆங்கில நாவல். எழுதிய குஷ்வந்த் சிங் நம்முடைய ஆள் அல்ல. டில்லியின் பெரிய கட்டிடக் காண்டிராக்டர் வீட்டுப் பிள்ளை. லாகூரில் வக்கீலாக இருந்து, பிரிவினையால் ஊரை இழந்தவர். அவர் கண்டு எழுதியதையே நாம் சாட்சிக்கு அழைக்கிறோம்.

சட்லெஜ் நதிக் கரையில், ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் மனோ மஜ்ரா என்று ஒரு கற்பனைக் கிராமம். எழுபது குடும்பங்கள். நிலம் முழுவதும் சீக்கியர்களுடையது. முஸ்லிம்கள் அவர்களிடம் குத்தகைக்கு உழுகிறவர்கள். இந்துக் குடும்பம் ஒன்றே ஒன்று, லேவாதேவிக்காரர் ராம் லால் குடும்பம். மசூதியில் தொழுகை நடத்தும் இமாம் பக்ஷ் பிழைப்புக்கு நெசவு செய்கிறார். அவருடைய மகள் நூரான். அவளைக் காதலிக்கிறவன் ஜுக்கா என்ற சீக்கியன், போலீஸ் கணக்கில் கேடி. இரவில் வயல்வெளியில் சந்திக்கிற இவர்களுக்கு ராட்கிளிஃப் கோடு என்றால் என்னவென்று தெரியுமா?

அந்தக் கோட்டைப் போட்டது யார்? இந்தியாவுக்கு அதற்கு முன் வந்தே இராத லண்டன் வக்கீல் ராட்கிளிஃப். 1947 ஜூலை 8-ந் தேதி வந்து சேர்ந்தார். ஐந்தே வாரத்தில் பஞ்சாபையும் வங்காளத்தையும் கூறு போட்டார். கோடு எங்கே போகிறது என்று ஜனங்களுக்குச் சொன்னது ஆகஸ்டு 17-ந் தேதி. சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து! தன் வயல் எந்த நாட்டில் இருக்கிறதென்றே உழவனுக்குத் தெரியாது. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். பல லட்சம் பேர் மாண்டார்கள். ஆனால் அதற்கு ஒன்றரை ஆண்டு முன்னே, 1946 பிப்ரவரியில், பம்பாய்க் கடற்படை மாலுமிகள் வெள்ளையனை எதிர்த்து எழுந்தபோது காங்கிரஸ் கொடியும் லீக் கொடியும் செங்கொடியும் சேர்ந்து பறந்தனவே! சேர்ந்து வாழ முடியாதவர்களா அவர்கள்?

நாவலுக்குத் திரும்புவோம். மனோ மஜ்ராவுக்கு விரோதம் எப்படி வருகிறது? ராம் லாலை மல்லி என்ற கொள்ளைக்காரனும் அவன் கூட்டமும் கொன்றுவிடுகிறார்கள். போலீஸ் குற்றமற்ற ஜுக்காவைப் பிடித்து அடைக்கிறது. பிறகு மல்லியை விடுதலை செய்து, கொலைப் பழி முஸ்லிம்கள் மேல் விழும்படி ஊரில் பேச்சைக் கிளப்புகிறது. பாகிஸ்தானிலிருந்து பிணங்களைச் சுமந்து ஒரு ரயில் வருகிறது. முஸ்லிம்களை ஒரே இரவில் அகதி முகாமுக்குப் போகச் சொல்லி உத்தரவு வருகிறது. அன்றிரவு இரு தரப்பாரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். மறுநாள் ராணுவ லாரிகள் வருகின்றன. போனவர்களின் மாடும் தட்டுமுட்டும் யார் பொறுப்பில் விடப்படுகின்றன தெரியுமா? கொள்ளைக்காரன் மல்லியின் பொறுப்பில்! பிரிவினையில் ஆதாயம் யாருக்கு என்று இதற்கு மேலும் சொல்ல வேண்டுமா?

பிறகு வெளியூரிலிருந்து ஜீப்பில் ஒரு வாலிபன் வருகிறான். பழிக்குப் பழி என்கிறான். பாலத்தின் குறுக்கே கயிறு கட்டி, ரயில் கூரை மேல் உட்கார்ந்து வருகிறவர்களைச் சீவித் தள்ளுவது, மற்றவர்களைச் சுடுவது என்று திட்டம். முதலில் எழுந்து நிற்பவன் மல்லி. ஆனால் முந்தாநாள் அழுது வழியனுப்பியவர்களில் சிலரும் எழுந்து நிற்கிறார்கள். இதை நாம் மறைக்கவில்லை. வதந்தியும் பயமும் சேர்ந்தால் நல்ல உழவனும் தடுமாறுவான். அவனை அந்த நிலைக்குத் தள்ளியவர்கள் யார் என்பதே நம் கேள்வி.

ரயிலைக் காக்க வேண்டிய மாஜிஸ்திரேட் ஹுகும் சந்த், ஜுக்காவையும் இக்பாலையும் சிறையிலிருந்து விட்டுவிட்டு, அவர்கள் எதாவது செய்யட்டும் என்று இருந்துவிடுகிறார். இக்பால் யார்? மக்கள் கட்சி என்று ஒரு கட்சி டில்லியிலிருந்து அனுப்பிய ஊழியன். படித்தவன், எல்லாம் பேசத் தெரிந்தவன். அந்த இரவில் அவன் செய்வதென்ன? யாரும் பார்க்காத தியாகத்தால் என்ன லாபம் என்று கணக்குப் போட்டு, விஸ்கியைக் குடித்துவிட்டுத் தூங்கிப்போகிறான்!

தோழர்களே, இந்தப் பக்கத்தை நம்மவர்களில் சிலர் கோபத்தோடு புரட்டிவிடுவார்கள். நாம் அப்படிச் செய்யக் கூடாது. உழவனோடு உட்கார்ந்து கூழ் குடிக்காதவனுக்கு ஆபத்து நேரத்தில் கால் எழாது. இக்பாலின் தூக்கம் நமக்கு எச்சரிக்கை.

பாலத்தின் மேல் ஏறுகிறவன் ஜுக்கா. அந்த ரயிலில் நூரான் போகிறாள், அவன் குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டு. கத்தியால் கயிற்றை அறுக்கிறான். கீழே இருந்து சுடுகிறார்கள். கயிறு அறுந்து அவனும் விழுகிறான். ரயில் அவன் மேல் ஏறி, உயிர்களைச் சுமந்துகொண்டு எல்லை கடக்கிறது.

காதல் பெரிது என்று மட்டும் சொல்லி நூலை மூடிவிடலாமா? நாவலின் குறையும் இங்கேதான் இருக்கிறது. ஊரே சேர்ந்து செய்ய வேண்டியதை ஒரு கேடி தனியாகச் செய்து சாக வேண்டியிருக்கிறது. பயப்பட்ட உழவர்களை ஒன்றுசேர்க்க அங்கே ஒரு சங்கம் இல்லை. ஜீப்பில் வந்தவனை, நீ யார் ஊரான், யார் அனுப்பி வந்தாய் என்று மடக்கிக் கேட்க ஆள் இல்லை.

ஜீப்புகள் இன்றும் வருகின்றன. வதந்தி இன்று கைப்பேசியில் நொடியில் வந்துவிடுகிறது. ஆலை வாசலிலும் களத்து மேட்டிலும் பக்கத்தில் நிற்பவனுடைய மதத்தைக் காட்டி யாராவது காதில் ஓதினால், முதலில் அவனிடம் கேளுங்கள்: கயிறு கட்டச் சொல்கிறாயே, அடித்துக்கொண்டு செத்தபின் மாட்டையும் வீட்டையும் எடுத்துக்கொள்ளப் போகிறவன் யார்?

கயிற்றை அறுக்க ஒரு ஜுக்கா போதாது. ஊர் முழுவதும் எழுந்து நின்றால், கயிறு கட்டவே எவனுக்கும் துணிவு வராது!