கம்பியைப் பற்றியும் பேசுவோம்

ஐசிடி கருவி பொருத்திக்கொள்ள வருவோரின் குடும்பத்தினர் எங்களிடம் பெரும்பாலும் கேட்பது, "பேட்டரி எத்தனை ஆண்டு வரும்?" என்பதே. நியாயமான கேள்விதான். ஆனால், கருவியை இதயத்துடன் இணைக்கும் லீட் என்னும் மெல்லிய கம்பியைப் பற்றி அவர்கள் கேட்பது அரிது. நாங்களும் போதிய அளவு சொல்வதில்லை. இந்நிலை மாற வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் லீட் சற்றே வளைகிறது. 10 ஆண்டுகளில் இது 36 கோடி முறை. காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே அது நசுங்கவும் கூடும். உள்ளே கம்பி முறிந்தால் எழும் போலிச் சமிக்ஞையை, ஆபத்தான வேகத் துடிப்பு எனக் கருவி தவறாகக் கொண்டு, தேவையற்ற ஷாக் கொடுக்கலாம். உண்மையில் தேவைப்படும் வேளையில் ஷாக் இதயத்தை எட்டாமலும் போகலாம். முறிவுகளின் காரணமாக ஒரு குறிப்பிட்ட லீட் வகையின் விற்பனை 2007 அக்டோபரில் உலகெங்கும் நிறுத்தப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 2,68,000 லீட்கள் பொருத்தப்பட்டிருந்தன.

"இதையெல்லாம் சொன்னால் நோயாளி அஞ்சமாட்டாரா?" எனச் சிலர் வினவுவர். சொல்லாமல் விடுவதே பேரச்சத்தை விளைவிக்கும் என்கிறோம். காரணமற்ற ஷாக் ஒன்றைப் பெற்றவர், தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணி, நடைப்பயிற்சியையே கைவிடக்கூடும். முன்னரே அறிந்தவரோ உடனே மருத்துவமனையை அழைப்பார்.

சிலர் தம்மையறியாமல், தோலுக்கடியிலுள்ள கருவியை விரலால் உருட்டுவதுண்டு. கருவி சுழலச் சுழல, லீட் சுருண்டு இழுபட்டு, இதயச் சுவரிலிருந்து விலகிவிடும். இதைக் காணும் குடும்பத்தினர் கடிந்துகொள்ள வேண்டாம். எங்களிடம் தெரிவித்தால் போதும். கருவி பொருத்திய முதல் சில வாரங்களில், அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்த வேண்டாம் என நாங்கள் அறிவுறுத்துவதும் லீட் விலகாதிருக்கவே.

ஓயாத விக்கல், மார்புத் தசைத் துடிப்பு, கருவி எழுப்பும் பீப் ஒலி அல்லது அதிர்வு ஆகியவற்றை அலட்சியப்படுத்தாதீர்கள். ஒரே ஒரு ஷாக் வந்து, நலமாக இருந்தாலும் அன்றே எங்களை அழையுங்கள். அடுத்தடுத்து ஷாக் வந்தாலோ, மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ, தாமதமின்றி அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

ஐசிடி உயிர்காக்கும் கருவி என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அதன் குறைகளை அறுவைக்கு முன்பே எடுத்துரைப்பது எங்கள் கடமை. உங்கள் அடையாள அட்டையில் லீட்டின் பெயரும் எண்ணும் உள்ளனவா என்று அடுத்த பரிசோதனையின்போது கேளுங்கள். அவ்வாறு கேட்பது எங்களை ஐயுறுவதாகாது, உங்கள் உரிமை.